பழுது நீக்குவோர் பொறுப்பு

கடந்த ஆண்டு மாசி மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. பங்கு இல்லத் திண்ணையில் நாம் அமர்ந்திருந்தபோது, பொம்மையார்பாளையத்து இளைஞர் ஒருவர் கனத்த மரப்பெட்டி ஒன்றைத் தோளில் சுமந்து வந்து நம் முன் இறக்கி வைத்தார். மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் கடலுக்குப் போவதில்லை. தந்தை விட்டுச் சென்ற பழைய டாடா சுமோவை ஓட்டிப் பிழைப்பவர். புதுச்சேரிக்கு வரும் பயணிகளை ஆரோவில்லுக்கும் மாமல்லபுரத்துக்கும் அழைத்துச் செல்வது அவர் தொழில். நம் சமயத்தவர் அல்லர். எனினும் நம் பங்கு மக்களின் திருமணங்களுக்கும் வேளாங்கண்ணிப் பயணங்களுக்கும் வண்டி ஓட்டுவதால் நமக்கு நன்கு பழக்கமானவர்.

பெட்டியின் முகத்தில் 12 அங்குல விட்டமுள்ள ஒலிபெருக்கி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. இசையின் தாழ்ந்த ஒலிகளை மட்டும் முழக்குவதற்கென்று கார்களில் வைக்கப்படும் இதனைக் கடைக்காரர்கள் சப்-ஊஃபர் என்பர். இளைஞர்களுக்கு அது வெறும் ‘ஊஃபர்’.

“பாட்டுப் போட்டா கிழிஞ்ச மேளம் மாதிரி கரகரங்குது ஃபாதர். பாண்டியில ரெண்டு கடையில காட்டினேன். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கறாங்க.”

“வாங்கிவிட வேண்டியதுதானே, தம்பி?”

“அப்பா மாட்டினது, ஃபாதர்.”

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. குருமடத்து நாட்களில் டிரான்சிஸ்டர் வானொலிகளைப் பிரித்துப் போட்டுவிட்டுப் பேராசிரியர்களிடம் திட்டு வாங்கிய பழக்கம் இன்னும் நம்மை விட்டபாடில்லை என்பது பங்கில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே, திருகுளியை எடுத்து வருமாறு நாம் கேட்டபோது அவர் வியப்படையவில்லை.

ஒலிபெருக்கியின் அமைப்பு எளிது. காந்தத்தின் நடுவே குறுகிய வட்ட இடைவெளி. அதனுள் செப்புக்கம்பிச் சுருள். சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. சுருளில் மின்சாரம் மாறி மாறிப் பாயும்போது அது முன்னும் பின்னும் அசைகிறது. கூம்பும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் பொறியாளர் இருவர் 1925-இல் விளக்கிய இந்த முறை நூறு ஆண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. கூம்பின் வெளிவிளிம்பை இரும்புச் சட்டத்தோடு இணைப்பது நுரையாலோ ரப்பராலோ ஆன ஒரு வளையம். அது கூம்பை அசையவும் விட வேண்டும்; நடுவிலிருந்து விலகாமல் பிடித்துக்கொள்ளவும் வேண்டும்.

கூம்பை விரல் நுனிகளால் சமமாக அழுத்திப் பார்த்தோம். உரசல் இல்லை, சுருள் கருகவில்லை என்பதற்கு அது ஒரு நல்ல அடையாளம். மல்டிமீட்டர் 3.4 ஓம் காட்டியது. 4 ஓம் என்று எழுதப்பட்ட ஒலிபெருக்கிக்கு அது சரியான அளவே. ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொட்டவுடன் கூம்பு சட்டென்று முன்னே எழுந்தது. உயிர் இருக்கிறது! பழுது வளையத்தில்தான் இருந்தது. தொட்ட இடமெல்லாம் பிசுபிசுத்து உதிர்ந்தது. இந்த நுரை பாலியூரிதேன் என்னும் பொருளால் ஆனது. காற்றின் ஈரமும் உயிர்வளியும் அதன் இழைகளை மெல்ல அறுத்துவிடும். பாட்டே போடாமல் வைத்திருந்தாலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பெரும்பாலும் நைந்துவிடும். கடலோரத்தில் கேட்கவே வேண்டாம். மகன் அளவுக்கு மீறி முழக்கிக் கெடுத்துவிட்டான் என்று வீட்டில் அவருடைய தாய் கடிந்துகொண்டிருந்தாராம். அப்படியல்ல, வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று நாம் சொன்னபோது அவர் முகம் தெளிந்ததைக் கண்டோம். இன்னதுதான் பழுது என்று ஆய்ந்து சொல்வதால் வீண்பழி ஒன்று விலகுவதுண்டு. ஒப்புரவு அருட்சாதனத் தொட்டியில் அமர்ந்து பழகிய நமக்கு அது புதிதன்று.

வளையம் சென்னை ரிச்சி தெருவில் அங்குலக் கணக்கில் கிடைக்கிறது. சில நூறு ரூபாய். அது வந்து சேர்ந்த பிறகு மூன்று மாலைகள் வேலை நடந்தது. முதல் மாலை முழுவதும் பழைய நுரையையும் காய்ந்த பசையையும் சுரண்டுவதிலேயே கழிந்தது. இவ்வேலையில் யாரும் விரும்பாத பகுதி இதுவே. கெடுவதும் பெரும்பாலும் இங்கேதான். அவசரப்பட்டால் காகிதக் கூம்பு கிழிந்துவிடும். சுரண்டிய விளிம்பைச் சாராயத்தால் துடைத்தோம். பிறகு கூம்பின் நடுவிலுள்ள மூடியைக் கத்தி முனையால் அறுத்தெடுத்தோம். பழைய எக்ஸ்ரே படத்தை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, சுருளுக்கும் நடுத்தண்டுக்கும் இடையே சுற்றிலும் செருகினோம். சுருள் மயிரிழை விலகி ஒட்டிக்கொண்டாலும் உரசும். உரசினால் அத்தனை உழைப்பும் வீண். கீற்றுகள் அதை நடுவில் நிறுத்திவைக்கும். அதன் பின்னரே வளையத்தை முதலில் கூம்போடும், மறுநாள் சட்டத்தோடும் ஒட்டினோம். பசை இறுக ஒரு முழு நாள் காத்திருக்க வேண்டும்.

அக்காத்திருப்பில் நம் உள்ளத்தில் எழுந்தவையே இக்கட்டுரைக்குக் காரணம்.

கடைக்காரர் சொன்னது தவறா? பணக்கணக்குப் பார்த்தால் தவறில்லை. இருவருடைய மூன்று மாலை உழைப்புக்குக் கூலி போட்டால் புதிதே மலிவு. பழையதைப் பேணுவது எப்போதும் நற்பண்பு என்று சொல்லவும் நாம் தயங்குகிறோம். பொருள்மீது கொள்ளும் பற்று பழையதாயிருப்பதனாலேயே தூய்மையாகிவிடாது. உடைந்த குடைகளை அறை நிறையச் சேர்த்துவைத்திருந்த முதிய குரு ஒருவரை நாம் அறிவோம். அது எளிமையன்று.

ஆயினும் பொம்மையார்பாளையத்துக் கடற்கரையில் வலை பொத்துவோரைக் காணும்போது அக்கணக்கு நிறைவானதாகத் தோன்றுவதில்லை. கால் பெருவிரலில் வலையை மாட்டிக்கொண்டு, அறுந்த கண்களை ஒவ்வொன்றாக எடுத்து முடிகிறவர் தம் வலையை அறிந்தவர். எங்கே பாறையில் சிக்கியது, எங்கே நண்டு கடித்தது என்று அவர் விரல்களுக்குத் தெரியும். பருத்தி வலைக் காலத்தில் இவ்வேலைக்கு ஓய்வே இருந்ததில்லை. இன்றைய தங்கூசி வலைகளைப் பொத்துவது கடினம்; கிழிந்தால் கழித்துப் போடுகிறார்கள். கடலில் விடப்பட்ட நைலான் வலை மட்காமல், பிடிப்பவர் யாருமின்றி, பல ஆண்டுகள் மீன்களைக் கொன்றுகொண்டே இருக்கும். எறிந்துவிட்டோம் என்று நாம் நினைக்கும் பொருள் எங்கும் போய்விடவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில் ‘தூக்கியெறியும் பண்பாடு’ பற்றி வருந்தி எழுதினார். அரசுகளும் இதனை உணரத் தொடங்கியுள்ளன. நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமை குறித்துக் குழு ஒன்றை அமைத்தது; மின்னணுக் கழிவு பற்றிய புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன.

யாக்கோபும் யோவானும் அழைக்கப்பட்டபோது வலைகளைச் சீர்செய்துகொண்டிருந்தனர் என்று நற்செய்தியாளர்கள் குறிக்கின்றனர். அங்கே வரும் கிரேக்கச் சொல்லையே பவுலடியார் கலாத்தியருக்கு எழுதும்போது, தவறிப்போனவரைக் கனிவோடு திருத்துவதற்கும் பயன்படுத்துகிறார். குருமடத்தில் இதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்ததோடு சரி. வலை பொத்துவோரின் பொறுமையை அருகிலிருந்து பார்த்த பிறகே அச்சொல்லின் கனம் நமக்குப் புரிந்தது.

இவ்வளவு மனநிறைவோடு இருந்த வேளையில்தான் அந்தச் சங்கடம் நேர்ந்தது. இரண்டாம் நாள், சட்டத்தில் பசை இறுகிக்கொண்டிருந்தபோது, நோயாளிக்கு நற்கருணை கொண்டு பொம்மையார்பாளையம் சென்றோம். நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் அங்கே மகள் வீட்டில் படுக்கையில் இருக்கிறார். அவர் வீட்டுக்கு எதிர்ச் சந்தில்தான் நம் இளைஞரின் வீடு. நலம் விசாரித்தோம்.

“இப்ப ஆறு மாசமாத்தான் சாமி ராத்திரியில கண்ணை மூடுறேன். எதிர்வீட்டுப் பையன் கார்ல ஒரு டமாரம் வெச்சிருந்தான். நடுராத்திரியில வருவான், நெஞ்சுக்குள்ள வந்து இடிக்கும். அது கெட்டுப்போச்சாம். எல்லாம் மாதா புண்ணியம்.”

மாதாவின் புண்ணியத்தை நாம் எக்ஸ்ரே கீற்றுகள் செருகிச் சரிசெய்துகொண்டிருந்தோம்! அன்று அம்மூதாட்டியின் நெற்றியில் சிலுவை வரைந்த நம் விரல்களில் பசை வாடை இன்னும் இருந்தது.

பழுது நீக்குகிறவனுக்கு, அப்பொருள் பின்னர் செய்யப்போகும் தீங்கில் பங்கு உண்டா? பழைய அறநெறி இறையியல் இதை நன்றாகவே ஆராய்ந்திருக்கிறது. தீய நோக்கத்தோடு சன்னலில் ஏறும் எசமானுக்கு, அறிந்தே தோள் கொடுத்து ஏணி பிடிக்கும் பணியாளன், வேலையை இழந்துவிடுவோம் என்று அஞ்சிச் செய்தால் கனமான பாவம் செய்வதில்லை என்று சிலர் வாதாடினர். அக்கூற்றைத் திருத்தந்தை பதினொன்றாம் இன்னசென்ட் 1679-இல் கண்டித்தார். அடுத்த நூற்றாண்டில் புனித அல்போன்ஸ் லிகோரியார், பிறர் செய்யும் தீமைக்கு மனத்தால் உடன்படுவது வேறு, மனம் உடன்படாமல் கையால் மட்டும் உதவ நேர்வது வேறு என்று பிரித்துக் காட்டினார். முன்னது எப்போதும் தவறு. பின்னது, தரும் உதவி எத்தகையது, தீமைக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது, உதவுவதற்குத் தக்க காரணம் உண்டா என்பவற்றைப் பொறுத்தது.

இந்த அளவுகோலின்படி நாம் தப்பித்துக்கொள்ளலாம். ஒலிபெருக்கி தன்னளவில் தீயதன்று. நள்ளிரவில் அதை முழக்குவது இளைஞரின் விருப்பம். நம் கை அதற்கு வெகு தொலைவு. ஆனால் பொதுவாகத் தெரியாமலிருப்பது வேறு, குறிப்பிட்ட ஒரு மூதாட்டியின் உறக்கம் என்று தெரிந்துவிடுவது வேறு. தெரிந்த கணத்திலேயே தொலைவு குறைந்துவிடுகிறது. மருத்துவர் திருடனின் முறிந்த கையை நிபந்தனையின்றிக் கட்டுகிறாரே என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டோம். ஆம், அது சரி. ஏனெனில் கை மனிதனுடையது, அவனுக்கு நலம் அளிப்பதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. பொருள் அப்படியன்று. பயன்படுவதற்காகவே அது சீராக்கப்படுகிறது. எவ்வாறு பயன்படும் என்பதைப் பற்றி ஒரு சொல்லாவது கேட்காமல் அதைச் சீராக்குவது அரைகுறை வேலை.

ஒலியின் இயல்பு இச்சிக்கலை இன்னும் கூர்மையாக்குகிறது. நொடிக்கு 40 முறை அதிரும் தாழ்ந்த ஒலியின் ஓர் அலை ஏறத்தாழ எட்டரை மீட்டர் நீளமுடையது. அதைக் காரின் தகடும் கண்ணாடியும் தடுப்பதில்லை. ஓட்டு வீடும் கீற்றுக் கொட்டகையும் தடுப்பதில்லை. குரலும் குழலும் போன்ற உயர்ந்த ஒலிகளோ பெரும்பகுதி காருக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. ஆகவே பாட்டு உள்ளே இருப்பவருக்கு, இடி வெளியே இருப்பவருக்கு. உள்ளே இருப்பவர் கொடியவரல்லர். தாம் கேட்கும் இனிமையைத்தான் மற்றவரும் கேட்கிறார் என்று அவர் மெய்யாகவே நம்புகிறார். இவ்வூர் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. புதுச்சேரித் துறைமுகத்துக்காக 1980-களில் கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துவரும் மணல் அங்கே தடைப்பட்டது; வடக்கே அடுத்தடுத்துள்ள குப்பங்களின் கரையைக் கடல் அரித்தது. சுவர் கட்டியவர்கள் வடக்கே இருந்தவர்களுக்குக் கேடு நினைத்துக் கட்டினார்களா, என்ன? அவர்கள் இருந்த இடத்தில் அந்த இடி கேட்கவில்லை.

மூன்றாம் மாலை இளைஞர் வந்தார். கீற்றுகளை உருவினோம். கூம்பு தடையின்றி அசைந்தது. புதிய மூடியை ஒட்டி, காய்ந்த பின் நொடிக்கு 30 அதிர்வுள்ள மெல்லிய ஒலியைச் செலுத்தினோம். உரசலே இல்லை. தந்தை விரும்பிக் கேட்ட பாட்டு ஒன்றைப் போட்டார். திண்ணைத் தூண் அதிர்ந்தது. அவர் கண்களைத் துடைத்துக்கொண்டதை நாம் பார்க்காதது போல் இருந்தோம்.

பிறகு மூதாட்டியைப் பற்றிச் சொன்னோம். பெட்டியைத் தருவதற்கு நிபந்தனையாகச் சொல்லவில்லை. ஆனால் குரலில் உபதேச வாடை வீசியிருக்க வேண்டும். அவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, மரியாதை குறையாமல் கேட்டார்:

“சரிங்க ஃபாதர். நம்ம கோயில் குழாய் காலையில நாலே முக்காலுக்குப் பாடுதே, அது யாருக்கு? விடியக்காலச் சவாரி முடிச்சு வந்து வண்டியிலேயே படுத்திருக்கறப்போ எத்தனை நாள் எந்திரிச்சிருக்கேன்.”

இதற்கு நம்மிடம் விடை இல்லை. திருவிழா நாளன்று மட்டுமல்ல, நாள்தோறும் நம் கோபுரத்துக் கூம்பு ஒலிபெருக்கிகள் இரண்டும் அந்நேரத்தில்தான் முழங்கின. நாம் பொறுப்பேற்கும் முன்பிருந்தே வந்த வழக்கம் என்று சொல்லலாம்; சொல்லவும் சொன்னோம். அச்சொற்கள் நம் காதுக்கே நன்றாக இல்லை.

2000-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது வரம்பு. அதே ஆண்டு ஆகஸ்டு 30 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் உண்டு. சென்னையில் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச் சங்கத்தினர், தம் பகுதியிலிருந்த ‘சர்ச் ஆஃப் காட் (ஃபுல் காஸ்பல்)’ என்னும் கிறிஸ்தவ சபையின் ஒலிபெருக்கியையும் இசைக்கருவிகளையும் எதிர்த்து வழக்குத் தொடுத்திருந்தனர். சமய உரிமையைக் காட்டி வாதாடிய சபையின் மேல்முறையீடு தள்ளுபடியானது. பிறர் அமைதியைக் குலைத்துச் செபிக்க வேண்டுமென்று எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்பது நீதிபதிகளின் கருத்து. அக்காலத்தில் நாம் அதைச் செய்தித்தாளில் படித்து, பிற சபையினரின் ஆரவாரத்துக்குக் கிடைத்த நல்ல பாடம் என்று உணவு மேசையில் பேசிக்கொண்டது இப்போது நினைவுக்கு வந்தது.

அடுத்த ஞாயிறு பங்குப் பேரவையில் செய்தியை வைத்தோம். எளிதாயிருக்கவில்லை. நம் மணியோசை கேட்டுத்தான் அடுத்த தெருவே எழுகிறது என்றார் ஒருவர். மற்றச் சமயத்தார் நிறுத்தினால் நாமும் நிறுத்துவோம் என்றார் இன்னொருவர். வாயில்லாப் பூச்சியாகிவிட்டோம் என்று ஊர் பேசும் என்று சிலர் கலங்கினர். அக்கலக்கம் பொய்யன்று, சிறுபான்மையாய் வாழ்வோர்க்குத் தம் குரல் தெருவில் கேட்பதே ஒரு பாதுகாப்பாகத் தோன்றுவதுண்டு. ஆயினும் பாதுகாப்பு நமக்கு, விழிப்பு அயலவருக்கு என்றால், கார்ப் பெட்டிக்கும் கோபுரத்துக்கும் வேறுபாடு என்ன என்று கேட்டோம். இரண்டு மணி நேரம் பேசி, கூம்புகளை இறக்குவதென்றும், கோயிலுக்குள்ளே சிறு பெட்டி ஒலிபெருக்கிகள் போதுமென்றும் முடிவாயிற்று. பேரவையினர் இருவர் இன்னமும் நம்மிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பாஸ்காவுக்குப் பிறகு மீண்டும் பொம்மையார்பாளையம் சென்றோம். மூதாட்டி முன்னிலும் மெலிந்திருந்தார். தயங்கித் தயங்கி டமாரத்தைப் பற்றிக் கேட்டோம்.

“திரும்ப வந்துடுச்சு சாமி. எவனோ வேலையத்தவன் சரிபண்ணிக் குடுத்துட்டானாம்.”

“இரவில் தொந்தரவு உண்டா, அம்மா?”

“ராத்திரியில இல்ல. சாயந்தரம் வண்டி கழுவுறப்போ போடுறான். அவன் அப்பன் பாட்டுதான், எனக்குத் தெரியும். ஞாயித்துக்கெழமை கொஞ்சம் ஜாஸ்தி.” சிறிது நேரம் கழித்து, “போவட்டும்” என்றார்.

அந்த வேலையற்றவன் யார் என்பதை அவரிடம் நாம் சொல்லவில்லை. கோபுரத்திலிருந்து இறக்கிய கூம்புகள் இரண்டும் இப்போது சக்ரீஸ்து அலமாரியின்மேல் கிடக்கின்றன. இறக்கும்போது ஒன்று கீழே விழுந்து அதன் உட்தகடு நெளிந்துவிட்டது. நேராக்கித் தரும்படி உபதேசியார் இருமுறை கேட்டுவிட்டார். அரைமணி நேர வேலைதான். நாம் இன்னும் திருகுளியை எடுக்கவில்லை.